பொட்டு வைத்த கேமரா

எனக்குப் பிறகு கேமரா அறையில் உட்கார வந்த ஷாலினி போன மாதம் போன் செய்தாள். எங்கள் கடைத்தொகுதியில் கேமராக்களை எல்லாம் மாற்றிவிட்டார்களாம். இனிமேல் யாரையாவது தேட வேண்டுமென்றால் கண் எரிய எரியத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமாம். 'நீலச் சேலை, வயதான பெண்' என்று தட்டினால் போதும், அன்றைக்கு அங்கே நடமாடிய நீலச் சேலைக்காரர்களை எல்லாம் அதுவே பிடித்துக்கொண்டு வந்து வரிசையாக நிறுத்திவிடுமாம்.

"உங்க காலத்துல எப்படி ஆன்ட்டி தேடுனீங்க? பயங்கரமா ஏதாச்சும் பார்த்திருக்கீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவள் வாய்க்கு வந்த உதாரணத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். வேறு நிறத்தைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீலச் சேலை என்றதும் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பு எதுவும் இல்லை.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. போனில்கூட வராது. எழுதினால் வரும் போலிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் செம்பவாங்கில் வளர்ந்தவள். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. தொடக்கப்பள்ளியோடு என் படிப்பு நின்றது. அப்புறம் மின்னணுத் தொழிற்சாலை. அது இங்கிருந்து போன பிறகு தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு கடைத்தொகுதியில் துப்புரவு வேலை. கீழே சேலைக் கடை, வளையல் கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடைகள், மேலே நகைக் கடைகளும் தையல் கடைகளும். அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த என்னைப் பாதுகாப்பு வேலைக்கு மாற்றியவர் ஹமீது நானா. பயிற்சி வகுப்பு முழுக்க ஆங்கிலம். பாதி புரிந்தது, பாதியைப் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் செய்தேன். எப்படியோ தேறிவிட்டேன். அந்த வகுப்பைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை. வேலையைக் கற்றுக்கொண்டதெல்லாம் நானாவிடம்தான்.

நானா சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பக்கம் பல வருடம் பாதுகாப்பு வேலை பார்த்துவிட்டு எங்களிடம் தலைமை அதிகாரியாக வந்தவர். நாகப்பட்டினத்துப் பக்கத்து வியாபாரக் குடும்பம். கடைக்காரர்கள், கூலிக்காரர்கள், எங்கள் மாதிரி சீருடைக்காரர்கள் எல்லாருக்கும் அவர் நானாதான், அண்ணன் என்று அர்த்தம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்ததையே திரும்பத் துடைப்பார். யாராக இருந்தாலும் 'நீங்க'தான். குப்பை வண்டி தள்ளுகிறவரையும் முதலாளியையும் ஒரே மாதிரி கூப்பிடுவார்.

"உங்களுக்கு வாய் குறைவு, கண்ணு நல்லா இருக்கு. கேமரா ரூமுக்கு வாங்க" என்றார். என்னைப் பற்றி ஒருவர் அவ்வளவு நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பயந்துகொண்டே போனேன்.

அப்போது எங்களிடம் இருந்தவை பழைய கேமராக்கள், அதுவும் கொஞ்சம். உயரத்தில் பெட்டி பெட்டியாகத் தொங்கும். படம் மழையில் நனைந்த பத்திரிகை மாதிரி இருக்கும். அவற்றை எடுத்துவிட்டுக் கட்டடம் முழுக்கப் புதிது போடுவது என்று முடிவானது. துவாஸில் இருக்கும் தொழிலாளர் விடுதியிலிருந்து சரவணன் என்ற பையனும் இன்னும் சிலரும் வந்து கூரைக்கு மேல் வயர் இழுத்தார்கள். புதிய கேமராக்கள் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருந்தன. தாழ்வாக, ஏணி வைத்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் வந்தன.

கேமரா மாட்டுவது ஒரு வேலை, அது எதைப் பார்க்கிறது என்று பார்ப்பது வேறு வேலை என்பார் நானா. மாட்டி முடித்த பிறகு அவர் வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு கட்டடம் முழுக்க நடப்பார். நான் அறையில் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பேன்.

"இப்ப தெரியறேனா?"

"தெரியிறீங்க நானா."

"இப்ப?"

"தலை மட்டும்."

"இப்ப?"

"காணோம்."

காணோம் என்ற இடத்தில் நின்று தரையில் சாக்குக்கட்டியால் கோடு போடுவார். இன்னும் ஓர் அடி வைத்து, அடுத்த கேமராவில் எப்போது வருகிறார் என்று கேட்பார். ஒன்றிலிருந்து மறைவதற்கு முன்பே அடுத்ததில் தெரிய வேண்டும். நடுவில் இடைவெளி வந்தால் சரவணனைக் கூப்பிட்டு, திருப்பச் சொல்லி, மறுபடி நடப்பார். ஒரே நடைபாதையில் அப்படி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தபோது வளையல் கடை அக்கா, "என்ன நானா, யாராச்சும் பொண்ணு வீட்டுக்காரங்க பார்க்கறாங்களா? இவ்ளோ அழகா நடக்குறீங்க" என்று கேட்டது எனக்கு வாக்கிடாக்கியில் கேட்டது. நானா, "இப்ப?" என்றார்.

வாசல் கேமராதான் அவருக்குச் செல்லப் பிள்ளை. காலை வெயிலில் சிராங்கூன் சாலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் எல்லாம் கறுப்பு உருவமாகத்தான் தெரிந்தார்கள். அதை இறக்கி, ஓரமாகத் தள்ளி, வெளிச்சம் அமுக்கி, ஒரு வாரம் பாடாய்ப் படுத்தி எடுத்தார். கடைசியில் உள்ளே வருகிறவர் ஒவ்வொருவருடைய முகமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. "இந்த ஒண்ணுதான் முகம். மத்ததெல்லாம் தலையும் முதுகும். யாரைத் தேடினாலும் முகத்துக்கு இங்க வந்துடணும்" என்றார்.

அந்தப் புதிய திரையில்தான் நான் என்னையே பார்த்தேன். வெளியே போய்விட்டு வந்து பதிவை ஓடவிட்டபோது, கூன் விழுந்த ஒரு கிழவி சுவரோரமாக, யாருக்கோ வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி ஒதுங்கி நடந்து போனாள். யார் இந்த அம்மா என்று நினைத்தேன். சீருடையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்று முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது.

நானாவுக்குச் சில வழக்கங்கள் உண்டு. பதிவு செய்யும் பெட்டிகளின் கடிகாரத்தை வாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பதிவை ஓடவிடும்போது அறையில் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத. புகார் சொல்ல வந்தவர் அந்த நேரத்தில் உள்ளே இருக்கக் கூடாது. அழுதுகொண்டு வந்தாலும் சரி, தெரிந்தவராக இருந்தாலும் சரி, வெளியே நாற்காலியில்தான் உட்கார வேண்டும். இந்த ஒன்று எனக்குப் பிடிக்காது. பொருளைப் பறிகொடுத்தவர்களை ஏன் வெளியே உட்கார வைக்க வேண்டும் என்று நினைப்பேன். கேட்டதில்லை.

பார்த்துச் சொல்வதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். ஆரம்பத்தில் ஒரு தடவை சேலைக் கடைக் கேமராவைப் பார்த்து, "அந்தம்மா திருடுறாங்க நானா" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "திருடுறது எங்க தெரியுது? எனக்குக் காட்டுங்க."

கை பைக்குள் போவதுதான் தெரிந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும் என்றார். கை போகிறது, பை மூடுகிறது, நடக்கிறார். அதற்கு மேல் நம் மனதில் தோன்றுவது நம்முடையது, கேமராவுடையது இல்லை என்றார். அந்த அம்மா பைக்குள் வைத்தது தன்னுடைய மூக்குக்கண்ணாடிக் கூடுதான் என்று பிறகு தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு நானா எழுத, நான் சொல்ல, வெறும் கையும் காலுமாகத்தான் சொல்லிப் பழகினேன். வாய் குறைவான எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை.

எங்கள் கடைத்தொகுதியில் ஆயுத பூஜையை எல்லாக் கடையிலும் செய்வார்கள். தராசு, தையல் இயந்திரம், கல்லாப் பெட்டி, கணினி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. துப்புரவுப் பெண்களுக்குத் தலைவி சரசு. துடைப்பக் கட்டைக்கும் தள்ளுவண்டிக்கும் பொட்டு வைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. வருடா வருடம் எங்கள் அறைக்கும் வந்து பதிவுப் பெட்டியின் தலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவாள். பழைய கேமராக்கள் உயரத்தில் இருந்ததால் தப்பித்தன. அந்த வருடம் கேமராக்கள் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு வந்துவிட்டன. சரசு சாயங்காலம் ஏணியும் சந்தனக் கிண்ணமுமாகக் கிளம்பி, கட்டடத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு கேமராவுக்கும் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை நான் வந்து திரையைப் பார்த்தால், கட்டடம் முழுக்க மஞ்சள் மேகம்.

நானா அவளைக் கூப்பிட்டார். "சரசு, கேமராவோட கண்ணுல யாராச்சும் சந்தனம் வைப்பாங்களா?"

"நெத்தியிலதான் வைக்கணும்னு எனக்குத் தெரியாதா நானா? அதுக்கு நெத்தி எங்க இருக்கு, காட்டுங்க லா" என்றாள்.

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தோம். நானா கண்ணாடியைக் கழற்றினாலும் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. ஆனால் காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் பரவியது. வாசல், நடைபாதைகள், சாப்பாட்டுக் கடைப் பக்கம் என்று முக்கியமானதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார்கள். பின்பக்கம் சரக்கு லிஃப்ட்டுக்கு எதிரில் ஒன்றும், பின்வாசலில் ஒன்றும் பாக்கி இருந்தன. ஏணியை யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரம், கீழே நல்ல கூட்டம். மதியம் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், அலுவலகச் சட்டை, கழுத்தில் வேலை இடத்து அட்டை. அம்மாவைக் காணவில்லை என்றார். மறதி நோய். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் வருவதற்குள் காணவில்லையாம். நீலப் பூப்போட்ட சேலை, நரைத்த கொண்டை. சொல்லும்போதே குரல் உடைந்தது.

"அம்மாவுக்குச் சுகர் இருக்கு. காலையில ஊசி போட்டேன், இன்னும் ஒண்ணும் சாப்பிடல. சாப்பிடலைன்னா மயங்கிடுவாங்க. ப்ளீஸ், சீக்கிரம்."

நானா எழுந்தே விட்டார். "கழுத்துல, கையில பேரு நம்பர் ஏதாச்சும் போட்டிருக்காங்களா?"

அவர் ஒரு நொடி நின்றார். "அட்டை ஒண்ணு உண்டு. இன்னைக்கு வீட்டுல மறந்து வச்சுட்டேன்."

பாவம், அந்த ஒரு நாள் பார்த்து மறந்துவிட்டாரே என்று நான் நினைத்தேன். நானா வழக்கப்படி அவரை வெளியே நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் உள்ளே வருகிறேன், என் அம்மாவை எனக்குத்தான் அடையாளம் தெரியும் என்று கெஞ்சினார். நானா கேட்கவில்லை. கதவு சாத்தும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நானா கல்நெஞ்சுக்காரர் என்று அன்றைக்குத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெஞ்சுக்கு மேலே இருந்த கேமராவின் பதிவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஓடவிட்டேன். அந்த அம்மா உட்கார்ந்திருந்தார், தனியாக. கடந்து போகிறவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துப் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து நின்றார். வாசல் பக்கம் போகவில்லை. பூக்கடையைத் தாண்டி, பின்பக்க நடைபாதையில் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். நான் சொல்லச் சொல்ல நானா எழுதினார். அடுத்த கேமரா, அதற்கடுத்த கேமரா. சரக்கு லிஃப்ட் பக்கம் திரும்பினார்.

அங்கே மஞ்சள் மேகம். மேகத்துக்குள் நீலமாக ஏதோ அசைந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பின்வாசல் கேமராவும் அதே மஞ்சள். லிஃப்ட்டில் ஏறினாரா, பின்வாசல் வழியாகச் சந்துக்குப் போய் அங்கிருந்து சாலைக்குப் போனாரா, ஒன்றும் தெரியவில்லை. சந்துக்கு வெளியே பேருந்துகள் நிற்காமல் போகிற சாலை.

காலையில் நாங்கள் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. நானா வாக்கிடாக்கியில் சரசுவையும் மற்றவர்களையும் மேலே, கீழே, சந்துக்கு என்று பிரித்து அனுப்பினார். போலீசுக்கும் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"வெளிய போயிருந்தா போலீசுக்கு நல்ல முகம் வேணும். இவ்ளோ நேரம் பார்த்ததுல எல்லாம் தலைதான் தெரியுது. வாசலுக்குப் போங்க. உள்ள வரும்போது பிடிப்போம்."

அந்த மகன் எங்களைப் பார்க்கச் சொன்னது அம்மா காணாமல் போனதை. அவர்கள் உள்ளே வந்ததைப் பார்க்க எங்களுக்கு வேறு காரணமே இல்லை. சந்தனம் மட்டும் மறைக்காமல் இருந்திருந்தால் நாங்கள் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டோம்.

வாசல் கேமராவைப் பின்னால் ஓடவிட்டேன். வந்தார்கள்.

"ரெண்டு பேரும் வர்றாங்க நானா. மகன் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வர்றார்."

"நிறுத்துங்க."

நிறுத்தினேன். நல்ல முகம். நெற்றியில் விபூதி, கொஞ்சம் பயந்த மாதிரி ஒரு சிரிப்பு. கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு வெள்ளை அட்டை.

நானா எழுதுவதை நிறுத்தினார். "அட்டை இருக்கே."

வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னாரே என்று எனக்கும் தோன்றியது. பதற்றத்தில் மாற்றிச் சொல்லியிருப்பார் என்றும் தோன்றியது. நானா, பெஞ்சுக் கேமராவில் இவர்கள் வந்து உட்காருவதிலிருந்து போடச் சொன்னார். போட்டேன்.

"அம்மாவை உட்கார வைக்கிறார். அவரும் பக்கத்துல உட்கார்றார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கார் நானா. பேசல. இப்ப எழுந்திருக்கிறார். அம்மா முன்னாடி குனியிறார்."

"ம்."

"கழுத்துல கையை வைக்கிறார். கயிறைத் தலை வழியாக் கழட்டுறார்."

என் குரல் நின்றுவிட்டது. நானா என்னைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க பாக்கியம்மா."

"அட்டையைச் சட்டைப் பையில வைக்கிறார்."

"அப்புறம்?"

"அம்மா முடியை ஒதுக்கி விடுறார். காதுக்குப் பின்னாடி."

"அப்புறம்?"

"போறார்."

கழிவறை இடது பக்கம். அவர் வலது பக்கம் போனார். வாசல் கேமராவில் ஒருமுறை நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே போனார். அதற்கப்புறம் நெடுநேரம் அந்த அம்மா அந்தப் பெஞ்சில் தனியாகத்தான் இருந்தார். எழுந்து பின்பக்கம் போன பிறகுதான் மகன் ஓடிவருகிறார். எங்கள் அறைக்கு வந்த அதே ஓட்டம்.

அடிதடி பார்த்திருக்கிறேன். கத்தியோடு வந்தவனைக்கூட அந்தத் திரையில் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் படபடக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இது அப்படி இல்லை. அட்டையைக் கழற்றியதைக்கூட என்னால் எப்படியோ தாங்க முடிந்தது. அதே கை முடியை ஒதுக்கிவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகை பொய்யாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அது பொய் இல்லை.

நானா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"முதல்ல அந்தம்மா கிடைக்கட்டும். இது எங்கயும் ஓடிடாது" என்றார். அந்தப் பதிவு அழியாமல் பூட்டி வைத்து, போலீசுக்கு ஒரு பிரதி எடுத்தார்.

அந்த நேரத்தில்தான் வாக்கிடாக்கியில் சரசு கத்தினாள். "நானா, இருக்காங்க. கீழ, குப்பை ரூமுல."

அட்டைப் பெட்டி வண்டியோடு லிஃப்ட்டில் இறங்கிய ஒருவருக்குப் பின்னால் அந்த அம்மாவும் ஏறியிருக்கிறார். ஏதோ கடைக்காரர் வீட்டு அம்மா என்று வண்டிக்காரர் நினைத்துக்கொண்டார். நிலத்தடியில் கதவு திறந்ததும் அந்த அம்மா இறங்கி, வெளியே வரத் தெரியாமல், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு காலில் செருப்பு இல்லை. சேலை முழுக்க வியர்வை. பேச்சு குழறியது. சரசு சாப்பாட்டுக் கடையில் இனிப்பு அதிகம் போட்ட மைலோ வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். புகட்டும்போதே, "என் பொட்டுதானே மறைச்சிடுச்சு, என் கையாலதானே" என்று அழுதுகொண்டிருந்தாளாம். அந்தப் பொட்டு எதைக் காட்டிக்கொடுத்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பக்கத்தில் இருந்த குளுகுளு அறை எங்களுடையதுதான். வெளியாட்களை உள்ளே விடாத நானா அன்றைக்குத் தானே கதவைத் திறந்து, பக்கவழியாக அந்த அம்மாவைக் கூட்டிவந்து என் நாற்காலியில் உட்கார வைத்தார். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. மகனிடம் போய், அம்மா கிடைத்துவிட்டார், நலமாக இருக்கிறார், போலீஸ் வரும் வரை இங்கேயே இருங்கள் என்று மட்டும் சொன்னார். மகன் எழுந்து உள்ளே வரப் பார்த்தார். நானா கதவு முன்னால் நின்றார். மகன் உட்கார்ந்துவிட்டார்.

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குவளையை வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆன்ட்டி. அதுக்கு முன்னாடி நடந்ததையும் பார்த்துட்டீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ரயில்ல டோபி காட் வரைக்கும் போயிட்டேன். ஊசி போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடாம இருக்காங்கன்னு ஞாபகம் வந்துச்சு." குவளையைக் கீழே வைத்தார். "எத்தனையோ மாசமா ராத்திரியில தூக்கம் இல்ல. நான் யாருன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பதில் சொன்னா திரும்பவும் கேப்பாங்க." சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கயிற்றின் நுனி வெளியே தெரிந்தது. அவர் அதை உள்ளே தள்ளவும் இல்லை.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த அம்மாவை ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். மகன் போலீசோடு போனார். சமூகநலத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து நானாவிடம் கேள்விகள் கேட்டார். கொஞ்ச காலம் கழித்து நான் நானாவிடம் விசாரித்தபோது, அந்த அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். மகன் போய்ப் பார்க்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானா தெரிந்ததைச் சொல்லியிருப்பார். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குச் சரசு ஏணிக்கு மட்டும் பொட்டு வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் நடந்தது ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தண்ணீர் கொடுத்துவிட்டு நான் உள்ளே வந்தபோது அந்த அம்மாவுக்குத் தெளிவு வந்திருந்தது. இரண்டாவது மைலோவைக் கையில் வைத்துக்கொண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சின்னச் சின்னப் படங்கள் என்று அதிசயமாகக் கேட்டார். வளையல் கடையைப் பார்த்தார், பூக்கடையைப் பார்த்தார். அப்புறம் ஒரு படத்தில் கண் நின்றுவிட்டது. எங்கள் கதவுக்கு வெளியே இருக்கிற நடைபாதை. மேலேயிருந்து பார்க்கும் கேமரா. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளுடைய தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"அது யாரு பெத்த பிள்ளையோ தெரியல. அழுதுக்கிட்டு இருக்கு பாரும்மா. யாரு அதை இப்படித் தனியா விட்டுட்டுப் போனாங்க?"

நான் நானாவைப் பார்த்தேன். நானா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா கையிலிருந்த மைலோவை என்னிடம் நீட்டினார். பாதிக்கு மேல் இருந்தது. "இதைக் கொண்டு போய்க் கொடு. பசியா இருக்கும். வீட்டு ஆளுங்க வர்ற வரைக்கும் கூட இருந்துட்டு வா."

வாங்கிக்கொண்டேன். கதவைத் திறந்துகொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று அவர் கண்ணால் கேட்டார். உங்க அம்மா குடுத்தாங்க என்றேன். இரண்டு கையாலும் வாங்கினார். குடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். யாருக்கென்று தெரியாமல்தான் கொடுத்தார் என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.